டப்பாவின் பின்பக்கம்: ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் ஆயில் தேர்ந்தெடுக்கும் முறை

2012ஆம் ஆண்டு மாடலாக ஃபோர்டு நிறுவனம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5.0 லிட்டர் வி8 எஞ்சினைத் தன் மஸ்டாங் வரிசையில் இரண்டு விதமாகப் பொருத்தி விற்றது. மஸ்டாங் ஜி.டி.யின் உரிமையாளர் கையேடு 5டபிள்யூ-20 ஆயிலை ஊற்றச் சொன்னது. பந்தயத் தடத்தை மனத்தில் வைத்து உள்ளுறுப்புகள் வலுவாக்கப்பட்டு, நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை ஏறக்கூடிய பாஸ் 302 காரின் கையேடோ 5டபிள்யூ-50 ஆயிலைக் கேட்டது. கூடப் பிறந்தவை போன்ற இரண்டு எஞ்சின்களில் ஒன்றுக்கு நீர்த்த ஆயில், மற்றொன்றுக்கு மிகக் கெட்டியான ஆயில். முன்னது அன்றாடச் சாலையில் எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டியது. பின்னது அரைமணி நேரம் இடைவிடாமல் முழு விசையில் ஓடும்போது, சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளைக் காப்பாற்ற வேண்டியது. உங்கள் காருக்கு ஆயில் வாங்குவதற்கு முன், அந்தக் கார் இவ்விரண்டில் எந்த வாழ்க்கையை வாழ்கிறது என்பதை நேர்மையாக முடிவு செய்துகொள்ளுங்கள். வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று போய்வரும் காரும், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் முழுக்க ஓடும் காரும் ஒரே மாடலாக இருந்தாலும் அவற்றின் ஆயில் படும் பாடு வெவ்வேறு.

கெட்டியான ஆயில் எப்போதும் பாதுகாப்பானது என்று நம்புகிறவர்கள் நம்மிடையே ஏராளம். ‘ஸ்போர்ட்ஸ் கார்தானே, 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்’ என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்த நம்பிக்கையின் குறை தெரியும். ஓடும் எஞ்சினில் அதன் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மீது உட்கார்ந்திருப்பதில்லை. ஆயில் படலத்தின் மீது மிதந்தபடியே சுழல்கிறது. சுமை உச்சத்தில் இருக்கும் கணத்தில் அந்தப் படலம் ஓரிரு மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும். படலம் அறுந்துபோகாதிருக்க ஆயிலுக்குப் போதிய பாகுத்தன்மை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதே ஆயில்தான் பேரிங்கில் உண்டாகும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு வெளியேறவும் வேண்டும்; அதற்கு அது தாராளமாகப் பாய வேண்டும். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் மெதுவாகப் பாயும், கடையப்படும்போது தானே கூடுதலாகச் சூடாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் அளவுக்கு மீறி ஏறுவதால் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்துகொள்ள, ஆயிலில் ஒரு பங்கு பேரிங்குகளுக்குப் போகாமலேயே எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பிவிடும். அப்போதும் மீட்டரில் அழுத்தம் கம்பீரமாகவே தெரியும். அழுத்தம் என்பது பாய்ச்சலுக்கு ஏற்படும் தடையையும் சேர்த்துக் காட்டும் அளவு என்பதால், அதை மட்டும் பார்த்து மனநிறைவு அடைந்துவிடக் கூடாது. வால்வுகள் திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தாலேயே மாற்றியமைக்கும் நவீன எஞ்சின்கள், வடிவமைத்தவர் எதிர்பார்த்த கெட்டித்தன்மை கிடைக்காவிட்டால் சரியாகப் பணிபுரியாது.

இனி எண்களுக்கு வருவோம். 5டபிள்யூ-40 போன்ற குறியீட்டை வகுப்பது வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பின் ஜே300 தரநிலை. டபிள்யூ எழுத்துக்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எஞ்சின் சுழல ஆயில் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதைச் சொல்வது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30இலும், 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25இலும் சோதிக்கிறார்கள். டொராண்டோவில் தெருவோரம் நிறுத்திய காருக்கு ஜனவரி மாதத்தில் இந்த எண் உயிர்நாடி; சென்னையில் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனாலும் சென்னையில் குளிர் இல்லை என்பதால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் காரை விரட்டலாம் என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கமான 0டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரியில் 13 அல்லது 14 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும். 40 டிகிரியில் அதுவே 75ஐ ஒட்டி இருக்கும், அதாவது ஐந்து மடங்குக்கு மேல் கெட்டி. 10டபிள்யூ-60 ஆயில் 40 டிகிரியில் ஏறத்தாழ 160. நமக்கு வியர்த்துக் கொட்டும் 32 டிகிரி காலைப்பொழுதும் எஞ்சினுக்குக் குளிர்காலமே. கூலன்ட் மீட்டர் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாகப் பல நிமிடங்கள் பிடிக்கும். ஆயில் 80 டிகிரியை எட்டும் வரை எஞ்சினை உயர் சுற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கோட்டுக்குப் பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிப்பது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள், 60 என்றால் 21.9 முதல் 26.1க்குள் இருக்க வேண்டும். இந்த வரம்புகள் அகலமானவை என்பதைக் கவனியுங்கள். 12.4 உள்ள ஆயில் 30 என்ற பெயரிலும் 12.6 உள்ள ஆயில் 40 என்ற பெயரிலும் விற்கப்படும். இரண்டும் கையில் பிசைந்து பார்த்தாலோ எஞ்சினில் ஓட்டிப் பார்த்தாலோ வேறுபடுத்த முடியாதவை.

ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் முன்பக்கத்து எண்ணோடு நிற்காமல் எச்.டி.எச்.எஸ். என்ற இன்னோர் அளவையும் தேடிப் பார்க்க வேண்டும். ஆயிலை 150 டிகிரிக்குச் சூடாக்கி, மிக நெருக்கமான இடைவெளியில் அதிவேகமாகத் தேய்த்து, அந்நிலையிலும் அதில் எவ்வளவு பாகுத்தன்மை மிஞ்சுகிறது என்று அளப்பதே எச்.டி.எச்.எஸ். பந்தயத் தடத்தில், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பேரிங்குக்குள் நடப்பதற்கு ஆய்வகத்தில் இதைவிட நெருக்கமான எளிய அளவீட்டை நான் அறியேன். டப்பாவில் இது அச்சிடப்படுவது அரிது. தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தரவுத் தாளில் கிடைக்கும். அமெரிக்கப் பெட்ரோலியத் துறையின் ஏ.பி.ஐ. அமைப்பு வகுக்கும் தரத்தில் எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட 5டபிள்யூ-30 ஆயிலுக்கு இது 2.9 மில்லிபாஸ்கல்-செகண்ட் இருந்தாலே போதும். ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர்களின் ஏ.சி.இ.ஏ. அமைப்பின் சி3 வகையைச் சேர்ந்த 5டபிள்யூ-30 ஆயிலுக்கோ குறைந்தது 3.5 இருந்தாக வேண்டும். கடைத்தட்டில் அருகருகே நிற்கும் இரண்டு டப்பாக்களின் முன்பக்கத்திலும் 5டபிள்யூ-30 என்றே எழுதியிருக்கும். வெப்பத்தில் அவை தரும் பாதுகாப்பு ஒன்றல்ல. 3.5 கேட்கும் எஞ்சினில் 2.9 ஊற்றப்பட்டால் நகரப் போக்குவரத்தில் ஒன்றும் தெரியாது. கோடைக்காலத்தில் நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாகப் போகும்போது பேரிங் அதற்கான விலையைக் கொடுக்கும்.

பின்பக்கத்தை வாசித்தல்

டப்பாவைத் திருப்பினால் சிறிய எழுத்துகளில் குறியீடுகள் வரிசையாக இருக்கும். அவற்றுள் முதன்மையானவை கார் நிறுவனங்களே தரும் அங்கீகாரங்கள். போர்ஷே ஏ40, மெர்சிடிஸ் பென்ஸ் 229.5, பி.எம்.டபிள்யூ. லாங்லைஃப்-01, ஃபோக்ஸ்வாகன் 504 00 போன்றவை அந்த நிறுவனங்கள் தங்கள் எஞ்சின்களில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தவை. உங்கள் கையேட்டில் எந்தக் குறியீடு இருக்கிறதோ அதே குறியீடு எழுத்துப் பிசகாமல் டப்பாவில் இருக்க வேண்டும். பிராண்டுக்கு அதன் பிறகுதான் இடம். போர்ஷே 911 வைத்திருப்பவரின் கையேடு ஏ40 கேட்குமானால், ஏ40 அங்கீகாரம் பெற்ற 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 ஆயில்களில் எதை ஊற்றினாலும் அவர் சரியான வழியில்தான் இருக்கிறார்.

இந்த இடத்தில் சொற்களை உற்றுப் பார்க்க வேண்டும். ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்பதற்கும் ‘இந்தத் தேவைகளை நிறைவு செய்கிறது’ அல்லது ‘இந்தக் கார்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது கார் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். பின்னது ஆயில் விற்பவர் தாமே சொல்லிக்கொள்வது. பின்னதைச் சொல்லும் ஆயில்களில் நல்லவையும் உண்டு என்றாலும், உத்தரவாதக் காலத்தில் எஞ்சின் பழுதுபட்டால் அந்த வாசகம் உங்கள் பக்கம் நிற்காது. எனக்கே ஒருமுறை நேர்ந்தது இது: ஓர் ஒர்க்‌ஷாப்பில் பீப்பாயிலிருந்து ஆயில் ஊற்றிவிட்டு, பில்லில் ‘சிந்தடிக் 5டபிள்யூ-30’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அங்கீகாரக் குறியீடு என்ன என்று கேட்டதற்கு எல்லாம் ஒன்றுதான் என்ற பதிலே கிடைத்தது. காசு போனாலும் போகட்டும் என்று மறுநாளே அந்த ஆயிலை வடித்துவிட்டு, சீல் உடையாத டப்பாவை நானே வாங்கிக் கொடுத்து மாற்றினேன். அன்றிலிருந்து ஆயில் டப்பாவைக் கையோடு கொண்டுபோய், என் கண்ணெதிரே திறக்கச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கையேட்டை மீறிக் கெட்டியான ஆயிலுக்குத் தாவ விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது பி.எம்.டபிள்யூ.வின் எம் கார்களை. 8,000 சுற்றைத் தொடும் எஸ்54 ஆறு சிலிண்டர் எஞ்சின், எம்3 காரின் எஸ்65 வி8, எம்5 காரின் எஸ்85 வி10 ஆகியவற்றுக்கு அந்த நிறுவனம் 10டபிள்யூ-60 ஆயிலையே விதித்தது. அந்த விதி அந்த எஞ்சின்களுக்கு உரியது. 2014இல் டர்போவுடன் வந்த அடுத்த எம்3 10டபிள்யூ-60ஐக் கேட்கவில்லை. அவ்வளவு கெட்டியான ஆயிலோடு ஓடிய எஸ்65, எஸ்85 எஞ்சின்களிலும் கனெக்டிங் ராட் பேரிங்குகள் தேய்வது அவற்றை வைத்திருப்பவர்கள் நன்கறிந்த தொல்லை. குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை பேரிங்குகளையே முன்கூட்டி மாற்றிவிடுகிறவர்கள் பலர். ஆயிலின் கெட்டித்தன்மை எல்லா நோய்க்கும் மருந்தாக முடியுமானால் இந்த எஞ்சின்கள்தான் முதலில் குணமாகியிருக்க வேண்டும்.

எப்போது ஒருபடி ஏறலாம்

ஆனால் கையேடே சில சமயம் கதவைத் திறந்து வைத்திருக்கும். அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம். 0டபிள்யூ-20 ஆயிலைப் பரிந்துரைக்கும் டொயோட்டா கையேடுகள் பலவற்றில், காரை அதிவேகத்திலோ மிகுந்த சுமையிலோ ஓட்டுவதாயின் கூடுதல் பாகுத்தன்மை கொண்ட ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்ற பொருளில் ஒரு வரி உண்டு. செவ்ரோலே கோர்வெட்டின் ஏழாம் தலைமுறைக் கார்களுக்குச் சாலையில் 5டபிள்யூ-30, தடத்தில் 15டபிள்யூ-50 என்று முதலில் இரு வேறு ஆயில்கள் சொல்லப்பட்டன. தடத்துக்குப் போகும் முன் ஒருமுறை, திரும்பிய பின் ஒருமுறை என மாற்றிக்கொண்டிருப்பது எவ்வளவு தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2019 மாடலிலிருந்து 0டபிள்யூ-40 ஒன்றே இரண்டுக்கும் போதும் என்றானது. சாலைக்கும் தடத்துக்கும் ஒரே காரை வைத்திருப்பவர்களுக்கு, கையேடு இடம் கொடுக்குமானால், எச்.டி.எச்.எஸ். 3.5க்கு மேல் உள்ள நல்ல 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40தான் நானும் கைகாட்டும் ஆயில்.

ஒருபடி ஏறலாமா என்ற முடிவை ஊகத்தால் எடுக்காமல் ஆயில் வெப்பமானியைப் பார்த்து எடுங்கள். உங்கள் காரில் அந்த மீட்டர் இல்லாவிட்டால் காரின் கணினித் தகவலைத் தரும் ஓ.பி.டி. துளையில் செருகும் சிறு கருவி வழியாகக் கைப்பேசியில் பல கார்களில் பார்த்துவிடலாம். கடினமாக ஓட்டியும் ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் நின்றால், கையேட்டின் முதல் பரிந்துரையை விட்டு விலகக் காரணமே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் வெயில் நாளொன்றில் நாலைந்து சுற்றுக்குள் மீட்டர் 120ஐத் தாண்டியதையும், அதே நேரத்தில் சும்மா நிற்கும்போதான ஆயில் அழுத்தம் காலையில் கண்டதைவிடப் பாதியாக இறங்கியிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். 120 முதல் 130 வரை அடிக்கடி போகும் கார் ஒருபடி கெட்டியான ஆயிலுக்குத் தகுதியானது. 140ஐ நெருங்கினால் அது ஆயில் டப்பாவால் தீர்க்கக்கூடிய பிரச்சினையல்ல. உடனே வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிட்டு வெளியே வாருங்கள், அடுத்த முறைக்குள் ஆயில் கூலர் பொருத்துங்கள். அதுபோலவே, நீண்ட வளைவுகளில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சுவதையும் எந்த ஆயிலாலும் தடுக்க முடியாது. அதற்குச் சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகளோ, ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப்போ வேண்டும்.

டர்போவும் நேரடி எரிபொருள் செலுத்தலும் சேர்ந்த எஞ்சின்களுக்குத் தனியாக ஒரு கவலை உண்டு. குறைந்த சுற்றில் திடீரென்று மிதித்தால், ஸ்பார்க் பிளக் தீமூட்டுவதற்கு முன்பே சிலிண்டருக்குள் கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் அளவுக்கு அழுத்தம் எழக்கூடும். ஆயிலில் உள்ள கால்சியம் வகைத் துப்புரவுச் சேர்மங்கள் இதைத் தூண்டுவது கண்டறியப்பட்டதால், அவற்றில் ஒரு பங்கை மக்னீசியம் வகையாக மாற்றினார்கள். 2018இல் ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ் தரமும் 2020 மே மாதத்தில் எஸ்.பி. தரமும் இதற்கான சோதனையோடு வந்தன. உங்கள் எஞ்சின் இந்த வகை என்றால், கார் நிறுவனத்தின் அங்கீகாரத்தோடு எஸ்.பி. அல்லது அதற்குப் பிந்தைய தரமும் டப்பாவில் இருப்பது நல்லது. இத்தகைய எஞ்சின்களில் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் பட்டு ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்வதும் உண்டு. ஆயில் மட்டம் பார்க்கும் கோலான டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ, ஊற்றாமலேயே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, எண் என்னவாக இருந்தாலும் அந்த ஆயில் தன் தரத்திலிருந்து இறங்கிவிட்டது என்று பொருள். புகைக்குழாயில் துகள் வடிகட்டி உள்ள புதிய கார்களுக்குச் சாம்பல் குறைந்த சி வகை ஆயில்களே உகந்தவை. அங்கே சாம்பல் கூடிய பழைய ஏ3/பி4 வகையை ஊற்றினால் வடிகட்டி மெல்ல அடைபடும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கதை வேறு. வால்வுகளைத் திறக்கும் கேமின் மீது உருளை இல்லாத தட்டையான டேப்பட்டுகள் நேரடியாக உரசும் எஞ்சின்களுக்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்புச் சேர்மம் தாராளமாக வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக நவீன 5டபிள்யூ-30 போன்ற ஆயில்களில் பாஸ்பரஸின் உச்ச வரம்பு பத்து லட்சத்தில் 800 பங்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே புத்தம்புதிய தரம் என்பது பாராட்டாகாது. காற்றால் குளிரூட்டப்படும் தன் பழைய எஞ்சின்களுக்காகப் போர்ஷே நிறுவனமே 2.7 லிட்டர் வரை 20டபிள்யூ-50, 3.0 லிட்டரும் அதற்கு மேலும் 10டபிள்யூ-60 என்று தனி ஆயில்களை விற்கிறது. அந்த எஞ்சின்களில் ஆயில் உயவுப் பொருளாக மட்டுமின்றி, ரேடியேட்டர் நீருக்கு நிகரான குளிர்விப்பானாகவும் இருக்கிறது.

‘ஃபுல்லி சிந்தடிக்’ என்ற சொல்லுக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்க வேண்டாம். கச்சா எண்ணெயிலிருந்து கடுமையாகச் சுத்திகரித்துப் பெறும் மூன்றாம் பிரிவு அடிப்படை எண்ணெயையும் அப்படி அழைக்கலாமா என்ற வழக்கில், 1999இல் அமெரிக்க விளம்பரத் தீர்ப்பாயம் ஒன்று அழைக்கலாம் என்ற பக்கம் நின்றது; அதிலிருந்து அச்சொல் பல தரங்களையும் உள்ளடக்கியதாகிவிட்டது. மூன்றாம் பிரிவு மோசமானது என்று சொல்ல மாட்டேன். கடினமான அங்கீகாரங்களைப் பெற்ற ஆயில்கள் அதிலும் உண்டு. அங்கீகாரம் இருக்கும்போது அடிப்படை எண்ணெய் எதுவென்ற ஆராய்ச்சி இரண்டாம்பட்சம். தனியாக விற்கும் சேர்க்கைப் பொருட்களை அங்கீகாரம் பெற்ற ஆயிலில் கலப்பதை மட்டும் அறவே தவிர்த்துவிடுங்கள். சமநிலைப்படுத்திய கலவையை அது குலைத்துவிடும்.

வாங்கும்போது அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். மூடியின் வளையம் அறுபடாமல் இருக்கிறதா, டப்பாவில் அச்சிட்ட தொகுப்பு எண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். போலிகள் நடமாடும் சந்தை இது. ஃபில்டரையும் ஆயிலோடு சேர்த்து மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஓட்டி நிறுத்தி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகு டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுவதே பாதுகாப்பு. தடத்துக்குப் போகும் நாளில் மட்டம் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும், தாண்ட வேண்டாம். தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டரே ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் ஷெட்டிலேயே நிற்கும் காரின் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும்.

கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் உறையை வெட்டித் திறந்து, உள்ளே உள்ள மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். மங்கலான கறுப்பு மட்டும் இருந்தால் நலம். சரிகைபோல் மின்னும் துகள்கள் தெரிந்தால் பேரிங் கரைந்துகொண்டிருக்கிறது. வடித்த ஆயிலில் நூறு மில்லியை, சூடாக ஓடும்போதே நடுத்தாரையில் பிடித்துச் சுத்தமான பாட்டிலில் அடைத்து, ஆயில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். செம்பு, ஈயம், இரும்பு எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு கலந்திருக்கிறது, 40 என்று ஊற்றிய ஆயில் இன்னும் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் நிற்கிறதா என்பதெல்லாம் அந்த அறிக்கையில் வரும். 12.5க்குக் கீழே இறங்கியிருந்து, பெட்ரோலும் கலக்கவில்லை என்றால் அடுத்த முறை மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். அப்படியும் பேரிங் உலோகம் ஏறிக்கொண்டே போனால், கையேடு அனுமதிக்கும் அடுத்த கெட்டியான ஆயிலை வாங்கும் நேரம் அதுவே.